பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கப் போறீங்களா? 230-ஆ, 245-ஆ? கோவை பக்கத்துக்காரங்க பார்க்க வேண்டியது என்ன?

போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்விஃப்ட், ஐ20 டர்போ என ஓட்டிப் பழகியவர்கள் அடுத்த கார் என்று வரும்போது இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம் புது எஸ்யூவி. இன்னொரு பக்கம், அதே பணத்துக்கு செகண்ட் ஹேண்டில் கொஞ்சம் வேகமான கார். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் இந்த இரண்டாவது பக்கம் சாய்பவர்கள் முன்னால் வந்து நிற்கும் பெயர்களில் முக்கியமானது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்.

ரெண்டு கதவு, தரையோட ஒட்டின சீட் இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றவங்களுக்கு இது ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஆனா அஞ்சு பேர் உட்காரலாம், டிக்கியில் 590 லிட்டர் இடம் இருக்கு, தோட்டத்துக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம். வீட்டில் "ஒரு கார்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்ட குடும்பங்களில் இந்தக் கார் ஓகே ஆவதற்கு அதுதான் காரணம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எந்த ஆர்எஸ் என்பதில். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவில் பல லட்சம் வித்தியாசம். அது எதுக்குன்னு தெரியாம முன்பணம் கொடுத்தா, அப்புறம் வருத்தப்பட வேண்டியதுதான். விவரமா பார்க்கலாம் வாங்க.

இந்தியாவுக்கு வந்த ஆர்எஸ் எத்தனை?

முதல் ஆக்டேவியா ஆர்எஸ் 2004-ல் இங்கே வந்தது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். டர்போ என்றால் டீசல் என்று மட்டுமே நினைத்திருந்த காலம் அது. அடுத்து 2011-ல் லாரா ஆர்எஸ்: 1.8 டிஎஸ்ஐ, 160 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். இந்த இரண்டையும் இப்போது வாங்குவது அப்கிரேடு ஆகாது, அது பொழுதுபோக்கு. வீட்டில் தினசரி ஓட்ட வேறொரு கார் இருந்து, பார்ட்ஸ் தேடி அலையவும் பொறுமை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்க.

உண்மையான போட்டி அதற்குப் பிறகு வந்த இரண்டுக்கும் நடுவில்தான். 2017 ஆகஸ்ட் கடைசியில் அறிமுகமானது ஆர்எஸ் 230. எக்ஸ் ஷோரூம் விலை ரூ.24.62 லட்சம். 2020 பிப்ரவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் வந்தது ஆர்எஸ் 245. விலை ரூ.35.99 லட்சம், நாட்டுக்கே மொத்தம் 200 கார்கள்தான். இடையில் இரண்டரை வருஷம், விலையில் 11 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

2025 அக்டோபரில் மறுபடியும் ஒரு ஆர்எஸ் வந்தது. 265 குதிரைத்திறன், ரூ.49.99 லட்சம், 100 கார்கள். முன்பதிவிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. அது கிடைக்காதவர்கள் பலர் இப்போது பழைய இரண்டின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பதையும் விலை பேசும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

11 லட்சம் எங்கே போனது?

இரண்டிலும் 2 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின்தான். 230-ல் 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். 245-ல் 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர். நிறுவனம் சொல்லும் கணக்கில் 100 கி.மீ. வேகத்தைத் தொட 230-க்கு 6.8 வினாடி, 245-க்கு 6.6 வினாடி. அதாவது 0.2 வினாடி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

அப்போ அந்த 11 லட்சம்? பெரும் பங்கு வரிக்குப் போனது. 230 உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்ட கார். 245 முழுசா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கார். முழு காராக இறக்குமதி செய்தால் சுங்க வரி பல மடங்கு. அந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார். அதையே இரண்டாவது ஓனரான நீங்களும் சுமக்கணுமா என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்காக 245-ல் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்று விஷயங்கள் உண்மையாகவே வேறு.

முதலாவது, டிஃபரன்ஷியல். இரண்டுமே முன் சக்கரத்தில் இழுக்கும் கார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தில் பாரம் குறையும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், கார் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். 230-ல் இதைச் சமாளிக்க எக்ஸ்டிஎஸ் ப்ளஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிப்பதுதான் அதன் வேலை. 245-ல் மின்னணு முறையில் பூட்டிக்கொள்ளும் தனி டிஃபரன்ஷியலே இருக்கிறது. பிரேக்கைச் சூடாக்காமல், பிடிப்பு உள்ள வெளிச்சக்கரத்துக்கு இன்ஜின் சக்தியை அனுப்பும். மலைப்பாதையில் இந்த வித்தியாசம் ஸ்டீயரிங்கிலேயே தெரியும். சேலம் - கோவை நெடுஞ்சாலையில் நேராகப் போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, கியர்பாக்ஸ். 230-ல் 6 கியர் டிஎஸ்ஜி, 245-ல் 7 கியர் டிஎஸ்ஜி. இதைப் பற்றித் தனியாகப் பேசணும், கீழே வருகிறேன்.

மூன்றாவது, சக்கரம். இந்தியாவில் விற்ற 230-க்கு 17 அங்குலம், 225/45 டயர். 245-க்கு 18 அங்குலம், 225/40 டயர். கணக்குப் போட்டால் டயரின் பக்கச் சுவர் உயரம் 230-ல் சுமார் 101 மி.மீ., 245-ல் 90 மி.மீ. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோணும். பல்லடம், காங்கேயம் உள்ரோடுகளில் பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் இரவில் ஒருமுறை ஏறி இறங்கினால் அந்த ஒரு சென்டிமீட்டரின் அருமை தெரியும். ஆர்எஸ் கார்கள் சாதாரண ஆக்டேவியாவை விடத் தாழ்வானவை வேற. அலாய் வளைந்திருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று 245-ல் கூடுதலாகவே பார்க்க வேண்டும்.

மற்றபடி 245-ல் டிஜிட்டல் மீட்டர் வரும், கறுப்பு அலாய் வரும். அதெல்லாம் அழகுக்கு.

'டிஎஸ்ஜி-ன்னாலே பயமா இருக்குங்க'

போலோ ஜிடி டிஎஸ்ஐ பழைய 1.2 மாடல் வைத்திருந்தவர்களில் பலர் இப்படித்தான் சொல்வார்கள். பயத்துக்குக் காரணமும் உண்டு. அந்த போலோவில் இருந்தது டிக்யூ 200 எனப்படும் 7 கியர், உலர் கிளட்ச் பெட்டி. நின்று நின்று போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். அதன் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு பெருசு. இந்தவகை டிஎஸ்ஜி புகார்களால் சீனாவில் மட்டும் 2013-ல் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்பப் பெற்றது.

ஆனால் ஆர்எஸ் கார்களில் இருப்பது அது இல்லை. 230-ல் டிக்யூ 250, 245-ல் டிக்யூ 381. இரண்டுமே ஆயிலில் மூழ்கி இயங்கும் ஈர கிளட்ச் வகை. சூட்டை ஆயில் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு டார்க்கையும் தாங்குகின்றன. 'ஏழு கியர் டிஎஸ்ஜி கெட்டது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்பி 245-ஐ ஒதுக்க வேண்டாம். இரண்டு ஏழும் வேறு வேறு.

ஆயில் இருக்கிறது என்றால் அதை மாற்றியும் ஆகணும். டிக்யூ 250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 70,000 ஓடிய 230 விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டிய பில் இதுதான். பில் இல்லையென்றால் "மாத்தியாச்சுங்க" என்ற வாய் வார்த்தைக்கு மதிப்பு கிடையாது. மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்க.

இன்ஜினில் பார்க்க வேண்டியது கூலன்ட் கசிவு. இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு ஒன்று உண்டு. வயசானால் அதில் கசிவு வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா, அந்தப் பக்கம் காய்ந்த கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆர்சி-யில் 1984 இருக்கா?

இதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆர்எஸ் பம்பர், கிரில், பேட்ஜ், சிவப்பு பிரேக் காலிபர் எல்லாமே தனியாக வாங்கிப் பூட்ட முடியும். சாதாரண ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யை ஆர்எஸ் மாதிரி அலங்கரித்து ஓட்டுபவர்கள் உண்டு. அதில் தப்பு ஒன்றுமில்லை. அதை ஆர்எஸ் விலைக்கு விற்றால்தான் தப்பு.

ஆர்சி புத்தகத்தில் அல்லது வாகன் தளத்தில் இன்ஜின் கொள்ளளவு பாருங்கள். 230, 245 இரண்டுக்கும் 1984 சிசி. 1.8 டிஎஸ்ஐ என்றால் 1798 சிசி. 1.4 டிஎஸ்ஐ என்றால் 1395 சிசி. 2.0 டீசல் என்றால் 1968 சிசி. எண் பொய் சொல்லாது.

2021-ல் வந்த நான்காம் தலைமுறை ஆக்டேவியாவும் 1984 சிசிதான். ஆனால் அதன் உருவமே வேறு என்பதால் குழப்பம் வராது. சொல்லப்போனால், 190 குதிரைத்திறன் உள்ள அந்த 2.0 கார், ஆர்எஸ் தேடி அலைபவர்கள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டிய ஒன்று. பாதி பேருக்கு அதுவே போதும். அது ஏனோ பேச்சில் அடிபடுவதில்லை.

இன்னொரு சபலமும் உண்டு. "1.8-ஐ வாங்கி ரீமேப் பண்ணிட்டா ஆர்எஸ் ஆயிடும்" என்பது. 1.8-ல் இருப்பது அதே உலர் கிளட்ச் டிக்யூ 200. அதன் தாங்குதிறனே 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவதும் 250. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பெட்டி மேல் இன்னும் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ரீமேப் செய்த ஆர்எஸ் வந்தால்?

நிறைய வரும். இந்த இன்ஜினில் மென்பொருளை மட்டும் மாற்றியே சக்தியைக் கணிசமாக ஏற்றலாம் என்பதால் ஆர்எஸ் ஓனர்கள் பலருக்கு அதில் கை வைக்காமல் இருக்க முடியாது. விற்கும்போது பழைய மென்பொருளுக்கு மாற்றிவிட்டு "ஸ்டாக் கார்" என்பார்கள். ஏர் ஃபில்டர் பெட்டி மாற்றியிருக்கிறதா, எக்ஸாஸ்ட் பைப்பில் புதிதாக வெல்டிங் தெரிகிறதா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இடத்தில் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கட்டணம் செலுத்தி முழு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

ரீமேப் செய்ததாலேயே ஒரு கார் கெட்டுப்போகாது. மறைத்தால்தான் சந்தேகப்படணும். அதோடு, மாற்றம் செய்ததை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் க்ளைம் சிக்கலாகலாம். 110 குதிரைத்திறன் காரிலிருந்து நேராக 300-க்குப் போகிறவர் அந்த நிலையில் மாட்டிக்கொள்வது மிகவும் மோசம்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடிய கார் என்று தெரிந்தாலும் உடனே பின்வாங்க வேண்டாம். 2.1 கி.மீ. நீள டிராக்கில் முறையாக ஓட்டி, முறையாகப் பராமரித்த கார், சிட்டியில் ஸ்பீட் பிரேக்கரில் இடித்து இடித்து ஓட்டிய காரைவிட மேலாகவும் இருக்கலாம். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கிறதா, முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை அனுபவிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுதான் இடம். 10.1 கி.மீ. நீளத்துக்குத் திறந்திருக்கும் அவிநாசி ரோடு ஜி.டி.நாயுடு மேம்பாலம் அதற்கான இடம் இல்லை.

வாளையாறு தாண்டி வரும் கார்கள்

மொத்தமே சில நூறு கார்கள் என்பதால் டிஎன் 37, டிஎன் 38, டிஎன் 66 எண்ணில் மட்டும் தேடினால் கிடைப்பது கஷ்டம். கேரளா, கர்நாடகா, மகாராஷ்டிரா, டெல்லி என்று வெளியே போக வேண்டியிருக்கும். அங்கே இரண்டு கண்ணிகள்.

ஒன்று வெள்ளம். ஆர்எஸ் 230 வந்தது 2017 ஆகஸ்டில். சரியாக ஒரு வருஷத்தில், 2018 ஆகஸ்டில், கேரளாவில் பெரு வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. தண்ணீரில் நின்ற காரைத் துடைத்து, சீட் மாற்றி, வாசனை தெளித்து விற்பது புதுசு இல்லை. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை - இவையும் காட்டிக்கொடுக்கும். இன்ஷூரன்ஸ் க்ளைம் வரலாற்றையும் கேளுங்கள்.

இரண்டாவது வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலக் காரை இங்கே மறுபதிவு செய்யும்போது காரின் ஆரம்ப விலையையும் வயதையும் வைத்து வரி கணக்கிடுவார்கள். வயது ஏற ஏற சதவீதம் குறையும். ஆனால் 36 லட்சத்துக்கு விற்ற 245-க்கு, குறைந்த சதவீதமே பெரிய தொகையாக வந்து நிற்கும். "டெல்லியில 3 லட்சம் கம்மிங்க" என்று யாராவது சொன்னால், இந்த வரியையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. பெரும்பாலும் உள்ளூர் கார்தான் லாபமாக இருக்கும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28-ல் என்ஓசி, பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30, கடன் இருந்து முடித்திருந்தால் படிவம் 35. இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் பாருங்கள். வேகமான காருக்கு வேக அபராதம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம்ம ஊரில் இன்னும் கை ரொக்கமாகவே பேரம் முடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. உங்க பழைய காரை விற்கும்போது அந்த வாங்கியவர் நீங்களாக இருப்பீர்கள் என்பதை மறக்காதீங்க.

சரி, எதை வாங்குறது?

கோவை - திருப்பூர் தினசரி போய் வருகிறவர், குடும்பத்தோடு மாதம் ஒருமுறை ஊட்டியோ பழனியோ போகிறவர் என்றால் ஆர்எஸ் 230. தயக்கமே வேண்டாம். 0.2 வினாடிக்காகவும் டிஜிட்டல் மீட்டருக்காகவும் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நாலு நல்ல டயர், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் என்று எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். டயரின் கூடுதல் உயரம் நம் ரோடுகளுக்கு ஏற்றது. இரண்டுக்கும் கதவு, பானெட் போன்றவை சாதாரண ஆக்டேவியாவோடு பொதுவானவை என்பதால் உடம்பு பாகங்களில் பெரிய வித்தியாசம் வராது. ஆர்எஸ்ஸுக்கே உரிய பம்பர், பிரேக் போன்றவற்றுக்கு இரண்டிலும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

245 யாருக்கு? வால்பாறை, திம்பம் என்று மலை ரோடு ஓட்டுவதற்காகவே கார் வாங்குகிறவர், டிராக் நாட்களுக்குப் போகிறவர், 200-ல் ஒன்று என்ற எண்ணிக்கைக்கு மதிப்பு கொடுக்கிறவர். இதோடு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 230 பாரத் ஸ்டேஜ் 4, 245 பாரத் ஸ்டேஜ் 6. பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு வயசு குறைந்த, புதிய மாசு விதிப்படி வந்த கார் என்பது ஒரு நிம்மதி. இரண்டுமே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாவதற்கு முன் வந்தவை. டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் எரிபொருள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, சர்வீஸ் சென்டரிலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு விஷயம். முழு சர்வீஸ் பில்லோடு இருக்கும் 230-யும், பில் இல்லாத 245-யும் ஒரே விலையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 230. தலைகீழாக வந்தால் 245. இந்தக் கார்களில் வேரியண்ட்டைவிட முந்தைய ஓனர்தான் முக்கியம்.

இன்ஷூரன்ஸில் பலர் விட்டுவிடும் பணம்

உங்க பழைய காரில் வருஷக்கணக்கில் க்ளைம் எடுக்காமல் சேர்த்த நோ க்ளைம் போனஸ், அதிகபட்சம் 50 சதவீதம் வரை, காருக்குச் சொந்தமானது இல்லை, உங்களுக்குச் சொந்தமானது. காரை விற்கும்போது பெயர் மாற்றிய ஆதாரத்தைக் கொடுத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் என்சிபி சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்எஸ் மாதிரி காரின் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை.

அதேபோல விற்பவரின் என்சிபி உங்களுக்கு வராது. அவருடைய பாலிசியை உங்க பெயருக்கு மாற்ற, கார் கைமாறிய 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் மாற்றாமல் ஓட்டி எங்கேயாவது இடித்தால், சொந்தச் சேதத்துக்கு க்ளைம் கேட்பது பெரும் இழுபறி. சாவி வாங்குகிற அன்றைக்கே இந்த விண்ணப்பத்தையும் முடித்துவிடுங்கள்.